பூக்கட்டிப் பார்க்கலாமா? கேள்வி பதில்

சாமியிடம் உத்தரவு கேட்பது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மகளுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. மாமியார் குலதெய்வத்திடம் பூக்கட்டிப் பார்க்கச் சொல்கிறார். எப்படிச் செய்வது?

அம்மா, வெள்ளைப் பூ, சிவப்புப் பூ இரண்டும் வேண்டும். எங்கள் பக்கம் நந்தியாவட்டையும் செவ்வரளியும் எடுப்போம். ஒரே அளவு வாழையிலைத் துண்டுகளில் தனித்தனியாக மடித்து நாரால் கட்டுங்கள். தாள் வேண்டாம், ஈரப் பூவின் நிறம் வெளியே தெரிந்துவிடும். என் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, கட்டி முடித்ததும் இரண்டு பொட்டலத்தையும் ஒவ்வொரு கையில் வைத்துத் தூக்கிப் பார்ப்பார். ஒன்று கனத்தால் அவிழ்த்து மறுபடி கட்டுவார். கட்டியவருக்கே எது எதுவென்று தெரியாதபடி குலுக்கி, சாமி முன்னால் போட்டு, விவரம் தெரியாத ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது வழக்கம். எந்தப் பூ வந்தால் சம்மதம் என்பதை முன்னாலேயே வேண்டிக்கொள்ளுங்கள், எங்கள் ஊரில் வெள்ளை.

அதற்கு முன்னால் மகளிடம் கேட்டுவிட்டீர்களா? அவளுக்குப் பிடிக்காத இடம் என்றால் பூவே கட்ட வேண்டாம்.

சிவப்பு வந்துவிட்டது. மனசு ஆறவில்லை. மறுபடி கேட்கலாமா?

வேண்டாம் தம்பி. நான் அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். ஒரு காடு, அதாவது விவசாய நிலம், வாங்கக் கேட்டபோது சிவப்பு வந்தது. மறுநாளும் சிவப்பு. மூன்றாம் தடவை வெள்ளை வந்ததும் சாமியே சொல்லிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வாங்கினேன். வண்டிப் பாதை இல்லாத காடு அது, வழக்கிலேயே ஆறு வருஷம் போனது. சாமி தண்டித்தது என்று நான் நினைக்கவில்லை. முதல் சிவப்பிலேயே நின்று பத்திரத்தை ஒரு வக்கீலிடம் காட்டியிருக்கலாம். எனக்கு அன்றைக்கு உத்தரவு வேண்டியிருக்கவில்லை, சம்மதம்தான் வேண்டியிருந்தது.

சிவன்மலை உத்தரவுப் பெட்டி என்கிறார்களே, அது என்ன?

காங்கேயம் பக்கத்து முருகன் கோவில். பக்தர் ஒருவர் கனவில் ஆண்டவர் வந்து ஒரு பொருளைச் சொல்வார். அவர் வந்து சொன்னதும் அப்படியே வைத்துவிட மாட்டார்கள், பூப்போட்டுக் கேட்டு உத்தரவு கிடைத்தால்தான் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். அடுத்த கனவு வரும்வரை அது இருக்கும். மண், தண்ணீர், சைக்கிள் எல்லாம் இருந்திருக்கின்றன. 2004 சுனாமிக்கு முன்னால் தண்ணீர் இருந்ததாகச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது, கனவையும் அங்கே ஒரு தடவை சோதித்துப் பார்க்கிறார்களே, அதுதான்.

பேசும்போது பல்லி கத்தினால் நல்லதா?

அதை நீங்கள் கேட்கவில்லை, அதுவாகக் கத்தியது. விட்டுவிடுங்கள்.

பூ தவிர வேறு வழி உண்டா?

உண்டு ஐயா. சைவர்களிடம் திருமுறையில், அதாவது தேவாரம் முதலான சிவன் பாட்டுகளின் தொகுப்பில், கயிறு சாத்திப் பார்ப்பது என்று ஒன்று இருக்கிறது. ஏட்டுக்குப் பூசை செய்து, கயிற்றை நுழைத்து, அந்த இடத்தில் வரும் பாட்டை உத்தரவாக எடுத்துக்கொள்வது. பெண்ணாகடத்து அச்சுத களப்பாளருக்குப் பிள்ளை இல்லை. அவருடைய குரு சகலாகம பண்டிதர் கயிறு சாத்தியபோது சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகப் பாட்டு வந்தது. அங்குள்ள முக்குளத்தில் மூழ்கினால் பிள்ளை வரம் கிடைக்கும், 'ஐயுற வேண்டா ஒன்றும்' என்கிறது பாட்டு. களப்பாளரும் மனைவியும் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. திருவெண்காட்டுக்குப் போய் மூன்று குளத்திலும் மூழ்கி வழிபட்டார்கள். பிறந்த பிள்ளைதான் பின்னாளில் சிவஞான போதம் என்ற சைவ சித்தாந்த நூலைத் தந்த மெய்கண்டார். பாட்டு வந்த பிறகு அவர்கள் நடந்தார்களே, அந்த நடையைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வேன்.

அப்பாவுக்கு இதய ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள். செய்யலாமா என்று பூக்கேட்கட்டுமா?

கேட்காதீர்கள் அம்மா. சிவப்பு வந்தால் என்ன செய்வீர்கள்? சந்தேகம் இருந்தால் இன்னொரு டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள், அவரும் வேண்டும் என்றால் தேதியைத் தள்ளிப் போடாதீர்கள். கோவிலுக்கும் கட்டாயம் போங்கள். அங்கே கூடவே இரு என்று மட்டும் வேண்டிக்கொண்டு, திருநீறு வாங்கி வந்து அப்பா நெற்றியில் பூசிவிடுங்கள்.