கல்லைக் கேட்காதீர்கள், குவாரியைக் கேளுங்கள்

கேள்வி: லெபனானில் பால்பெக் கோயிலின் அடித்தளத்தில் ஒவ்வொன்றும் சுமார் 800 டன் எடையுள்ள மூன்று கற்கள் இருக்கின்றன. வேற்றுக்கிரகவாசிகள் வைத்தவை என்கிறார்களே. கிரேன் இல்லாத காலத்தில் மனிதர்களே அவற்றைத் தூக்கி வைத்தார்கள் என்று நம்பச் சொல்கிறீர்களா?

பதில்: தூக்கினார்கள் என்று உங்களிடம் யார் சொன்னது? கல் வெட்டிய குவாரி கோயிலுக்குப் பக்கத்திலேயே, சற்று மேட்டில் இருக்கிறது. இழுத்து வந்தால் போதும். இப்படிக் கேள்வி வரும்போதெல்லாம் நான் கோயிலை விட்டுவிட்டுக் குவாரிக்குப் போய்விடுவேன். கோயிலில் இருப்பது முடிந்த வேலை. தடுமாறியது, பாதியில் விட்டது எல்லாம் குவாரியில்தான் கிடக்கும். பால்பெக் குவாரியில் ‘கர்ப்பிணிக் கல்’ என்று ஒன்று, சுமார் 1,000 டன், இன்னும் நகராமல் கிடக்கிறது. 2014-இல் ஜெர்மன் தொல்லியலாளர்கள் அதன் அருகே தோண்டியபோது இன்னும் பெரியது ஒன்று தெரிந்தது: சுமார் 1,650 டன். கர்ப்பிணிக் கல்லின் ஒரு ஓரத்தில் கல்லின் தரம் மோசம். நகர்த்தினால் உடையும் என்று விட்டிருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தவர்களுக்குக் கல் சொத்தை என்பது செதுக்கிய பிறகுதான் தெரிந்ததாமா?

எகிப்தின் அஸ்வானிலும் அப்படித்தான். சுமார் 42 மீட்டர் நீளமுள்ள ஒற்றைக்கல் தூபி, வெட்டும்போதே விரிசல் விட்டதால் பாறையோடு பாறையாகக் கைவிடப்பட்டது. அதை இடித்து இடித்துக் குடைந்த டோலரைட் என்ற கடினமான கல் உருண்டைகளும் அங்கேயே கிடைத்தன. எத்தனை பேர், எத்தனை வடம் என்பதில் ஆய்வாளர்களுக்குள் சண்டை உண்டு. மனிதர்களா என்பதில் கிடையாது.

கேள்வி: ‘கட்டியவர் யாரென்று தெரியாது’ என்று சில இடங்களைப் பற்றி மட்டும் சொல்கிறார்களே, ஏன்?

பதில்: நல்ல கேள்வி, கொஞ்சம் கசப்பான பதில். ரோமானியர்களின் கல்பாலங்களை ரோமானியர்களே கட்டினார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஆப்பிரிக்காவின் கிரேட் ஜிம்பாப்வேயில் சாந்தே இல்லாமல் அடுக்கிய பிரம்மாண்டக் கருங்கல் சுவர்களைப் பார்த்த வெள்ளைக்காரர்களோ பினீசியர்கள், ஷேபா ராணி என்று வெளியூரில் ஆள் தேடினார்கள். 1905-இல் டேவிட் ராண்டல்-மக்ஐவர், 1929-இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்ப்சன் இருவரும் தோண்டிப் பார்த்து, கட்டியவர்கள் ஆப்பிரிக்கர்களே என்றார்கள். அதன் பிறகும் அந்த நாட்டை அப்போது ஆண்ட வெள்ளையரின் ரொடீசிய அரசு பல ஆண்டுகள் அந்த உண்மையை அமுக்கப் பார்த்தது. பக்கத்திலேயே குடியிருந்தவர்களின் முன்னோர் கட்டியதை ‘மர்மம்’ ஆக்கியது மண் அல்ல, அரசியல்.

கேள்வி: கல்லின் வயதோ கோடி ஆண்டு. கட்டடத்தின் வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பதில்: கல்லை விட்டுவிட்டுக் கூடவே கிடைக்கும் கரி, எலும்பு, விதை ஆகியவற்றைக் கரிமக் கணிப்புக்கு, அதாவது ஒருகாலத்தில் உயிரோடிருந்த பொருளில் மிஞ்சிய கரிமத்தை வைத்து வயதைக் கணக்கிடும் முறைக்கு, அனுப்புவார்கள். துருக்கியின் கோபெக்லி தெபேயில் 1963-இல் மேற்பரப்பை மட்டும் பார்த்தவர்கள், மண்ணுக்கு மேல் நீட்டியிருந்த கற்களை இடைக்காலக் கல்லறை என்று நினைத்துவிட்டார்கள். 1995-இல் தொல்லியலாளர் கிளவுஸ் ஷ்மிட் தோண்டத் தொடங்கினார். வந்தவை ஐந்து மீட்டருக்கும் மேல் உயரமான ‘டி’ வடிவத் தூண்கள். அவற்றில் செதுக்கிய நரி, பாம்பு, தேள். காலம் சுமார் கி.மு. 9500. பானை செய்யவே அப்போது அங்கே யாருக்கும் தெரியாது.

கேள்வி: கோஸ்டா ரிகாவின் கல் உருண்டைகளைச் செய்தது யார்? எதற்காக?

பதில்: யார் என்பது தெரியும்: அந்த நாட்டின் திகீஸ் பகுதியின் பழங்குடித் தலைமைகள். ஐரோப்பியர் வருவதற்கு முந்தைய ஆயிரம் ஆண்டுக் காலத்தில், கல்லால் கல்லைக் கொத்தித் தேய்த்தே செய்தார்கள். பெரியவை இரண்டரை மீட்டர் விட்டம் வரை வரும். எதற்காக என்பதுதான் கைநழுவிப் போயிற்று. 1930-களில் வாழைத் தோட்டத்துக்காகக் காட்டை வெட்டியபோது இவை வெளிப்பட்டன. உள்ளே தங்கம் இருக்கிறது என்று யாரோ கிளப்பிவிட, சிலவற்றை வெடிவைத்துப் பிளந்தார்கள். உள்ளே கல்தான் இருந்தது. மீதியில் பலவற்றை இழுத்துப் போய் வீட்டுத் தோட்டங்களிலும் அரசுக் கட்டடங்களின் முன்பும் அழகுக்கு வைத்தார்கள். இந்த உருண்டை எந்த மேட்டின் அருகே, எந்த உருண்டையோடு ஒரே வரிசையில் இருந்தது என்று இனி யாரிடம் போய்க் கேட்பது? ஃபின்கா 6 என்ற இடத்தில் சில உருண்டைகள் வரிசை கலையாமல் பழைய இடத்திலேயே இருக்கின்றன. அருங்காட்சியகத்தில் ஐம்பது உருண்டை பார்ப்பதைவிட அந்த வரிசையைப் பார்ப்பது மேல் என்பேன்.

கேள்வி: பழைய சிலை ஒன்று விலைக்கு வருகிறது. எங்கே கிடைத்தது என்று விற்பவர் சொல்லமாட்டேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். திருட்டாக இருக்கும், இல்லாவிட்டால் போலியாக இருக்கும்.

கேள்வி: உங்களையே திணறடித்த பொருள் ஏதாவது உண்டா?

பதில்: ரோமானியர் காலத்துப் பன்னிருமுகிகள். உள்ளீடற்ற வெண்கலம், பன்னிரண்டு ஐங்கோண முகங்கள், ஒவ்வொன்றிலும் ஓட்டை, இருபது மூலைகளிலும் குமிழ். நூற்றுக்கு மேல் கிடைத்திருக்கின்றன, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனிப் பக்கங்களில். இத்தாலியில் இல்லை. எந்த ரோமானிய நூலும் இவற்றைப் பற்றி மூச்சு விடவில்லை. அளவுகோல் என்றால் அளவு ஒன்றுபோல் இருக்க வேண்டும், இல்லை. கையுறை பின்னும் கருவி என்று சிலர் சாதிக்கிறார்கள். பின்னல் வேலை அந்த நாடுகளுக்கு வந்ததே வெகு காலம் கழித்துத்தான். பெரும்பாலானவற்றுக்குக் கிடைத்த இடத்தின் ஒழுங்கான குறிப்பு கிடையாது. அதனால் 2023-இல் இங்கிலாந்தின் நார்ட்டன் டிஸ்னி கிராமத்தில் தன்னார்வலர்கள் தோண்டிய குழியில், உடையாத ஒன்று இருந்த இடத்திலேயே கிடைத்தது என்று படித்ததும் துள்ளிக் குதித்தேன். அதில் தேய்மானமே இல்லையாம். அப்படியானால் தினசரி புழங்கிய கருவி இல்லை. சடங்குப் பொருளாக இருக்கலாம் என்கிறார்கள். எங்களுக்குப் பிடிபடாததையெல்லாம் ‘சடங்கு’ என்ற மூட்டையில் போட்டுக் கட்டுவது தொல்லியல்காரர்களின் பழைய வழக்கம் என்பதால், நான் இன்னும் தலையாட்டவில்லை.