லிங்க் மாற்றிக்கொண்டால் கூகுளில் ரேங்க் ஏறுமா? கேட்டவர்களுக்குப் பதில்கள்

2009-லிருந்து சிறு கடைகளுக்கும் தனி ஆட்களுக்கும் வலைத்தளம் செய்து கொடுக்கிறேன். லிங்க் எக்ஸ்சேஞ்ச் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, நான் சமையல் குறிப்புத் தளம் நடத்துகிறேன். இன்னொரு சமையல் தளத்துக்காரர் "எனக்கு ஒரு லிங்க் கொடுங்க, நானும் கொடுக்கிறேன்" என்று மெயில் அனுப்பியிருக்கிறார். சரி சொல்லலாமா?

முதலில் அவர் தளத்தைத் திறந்து படித்துப் பாருங்கள். மழைக்காலத்தில் இட்லி மாவு புளிக்கவில்லை என்று உங்களிடம் வரும் ஒருவரை அந்தப் பக்கத்துக்கு அனுப்ப மனசு வருகிறதா? வந்தால் இன்றைக்கே லிங்க் கொடுங்கள், அவர் திருப்பித் தராவிட்டாலும் பரவாயில்லை. வரவில்லை என்றால் வேண்டாம். கூகுளின் ஸ்பேம் விதிகளில் தடை இருப்பது "அளவுக்கு மீறிய" லிங்க் மாற்றத்துக்கும், அதற்காகவே செய்து வைக்கும் பார்ட்னர் பக்கங்களுக்கும்தான். ஒரே துறையில் இருக்கும் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் குறிப்பிடுவது இயல்பாக நடப்பது, அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் அந்த ஒரு லிங்கால் அடுத்த வாரம் முதல் பக்கத்துக்கு வந்துவிடுவோம் என்றும் நினைக்க வேண்டாம்.

கேள்வி: சார், முன்பெல்லாம் இது நன்றாக வேலை செய்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். ஏன் வேலை செய்தது என்று புரிந்தால், இப்போது ஏன் செய்யவில்லை என்பதும் புரிந்துவிடும். கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் படித்தபோது 1998-ல் எழுதிய கட்டுரையின் அடிப்படை எளிமையானது. ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பலர் மேற்கோள் காட்டினால் அது முக்கியமான கட்டுரை. அதேபோல ஒரு பக்கத்துக்குப் பல பக்கங்கள் லிங்க் கொடுத்தால் அது முக்கியமான பக்கம். லிங்க் கொடுக்கும் பக்கத்துக்கு மதிப்பு அதிகம் என்றால் அந்த லிங்குக்கும் மதிப்பு அதிகம், ஆனால் அந்த மதிப்பு அங்கிருந்து வெளியே போகும் எல்லா லிங்குகளுக்கும் பங்காகிவிடும். இதுதான் பேஜ்ரேங்க். யாரும் கேட்காமல் தானாகக் கொடுத்த லிங்க் என்ற நம்பிக்கையின் மேல் கட்டிய கணக்கு அது.

2000-ல் பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் கூகுள் டூல்பாரில் அந்த மதிப்பு ஒரு சிறிய எண்ணாகத் தெரிய ஆரம்பித்ததும், அந்த எண்ணை வைத்தே பேரம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஆளுக்கொரு பார்ட்னர் பக்கம், அதில் சம்பந்தமே இல்லாத 200 லிங்குகள். கல்யாண வீட்டு மொய் மாதிரி ஆகிவிட்டது: நீ எனக்கு எழுதியதை நான் உனக்குத் திருப்பி எழுத வேண்டும். மொய் நோட்டைப் பார்த்தால் யார் யாருக்குத் திருப்பிச் செய்ய வேண்டும் என்று தெரியும், யாருடைய சமையல் நன்றாக இருக்கும் என்று தெரியாது. கூகுளுக்கும் இதே சிக்கல்தான். அதனால் இந்த மாதிரி லிங்குகளைக் கணக்கிலிருந்து தள்ள ஆரம்பித்தார்கள், டூல்பார் எண்ணையும் 2016-ல் எடுத்துவிட்டார்கள்.

கேள்வி: நேராக மாற்றாமல் மூன்று தளமாகச் சுற்றிவிட்டால்? நான் உங்களுக்கு, நீங்கள் அவருக்கு, அவர் எனக்கு.

நம் மூன்று பேர் கண்ணுக்கு அது மறைந்திருக்கும், அவ்வளவுதான். கூகுளிடம் இருப்பது வலை முழுவதும் யார் யாருக்கு லிங்க் கொடுக்கிறார்கள் என்ற வரைபடம். 2022 டிசம்பரில் ஸ்பேம்பிரெய்ன் என்ற தங்கள் ஏஐ அமைப்பை லிங்க் ஸ்பேமுக்கும் பயன்படுத்துகிறோம் என்று அவர்களே அறிவித்தார்கள்; லிங்க் வாங்கும் தளம் மட்டுமில்லை, லிங்க் கொடுப்பதற்காகவே நடத்தும் தளமும் அதில் பிடிபடும். இதற்குச் செலவழிக்கும் மாலை நேரத்தில் ஒரு நல்ல பக்கம் எழுதிவிடலாம்.

கேள்வி: தெரியாமல் செய்துவிட்டால் தளத்தையே தூக்கிவிடுவார்களா?

என் அனுபவத்தைச் சொல்கிறேன். சுற்றுலா வண்டி வாடகைக்கு விடும் ஒருவரின் தளத்தை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டார், நானும் வருகிற லிங்க் மாற்று மெயிலுக்கெல்லாம் சரி சொல்லிக்கொண்டிருந்தேன். 2012 ஏப்ரலில் பென்குயின் அப்டேட் வந்தது (இப்படிப்பட்ட லிங்க் ஏமாற்றைப் பிடிக்கக் கூகுள் தன் கணக்கில் செய்த மாற்றம்), சில நாட்களிலேயே அவருக்குப் போன் வருவது குறைந்துவிட்டது. கோடை சீசன் அது. அவர் என்னைத் திட்டவில்லை, ஆனால் அந்த வருடம் ஒரு டிரைவரை அவரால் வேலையில் வைத்திருக்க முடியவில்லை. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது. அன்றைக்கு நிலைமை அப்படி: தப்பைத் திருத்தினாலும் பென்குயின் அடுத்த முறை ஓடும் வரை காத்திருக்க வேண்டும். 2014 அக்டோபரில் மாட்டியவர்களில் பலர் 2016 செப்டம்பர் வரை, ஏறக்குறைய இரண்டு வருடம் காத்திருந்தார்கள்.

2016-க்குப் பிறகு பென்குயின் பெரும்பாலும் இப்படிப்பட்ட லிங்குகளை மதிப்பில்லாமல் ஆக்கிவிடுகிறது, முழுத் தளத்தையும் கீழே தள்ளுவதில்லை. ஆனால் கூகுள் ஊழியர்களே பார்த்துக் கொடுக்கும் தண்டனை இன்னும் இருக்கிறது. தளம் வைத்திருப்பவர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் 'மேனுவல் ஆக்‌ஷன்ஸ்' என்ற பகுதியைப் பாருங்கள். அங்கே எதுவும் இல்லை என்றால் அந்தத் தண்டனை உங்கள் மேல் இல்லை, நிம்மதியாக இருங்கள்.

கேள்வி: ஒரு ஏஜென்சி டிஏ 40-க்கு மேல் உள்ள தளங்களில் 50 லிங்க் தருகிறோம் என்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். டிஏ (டொமைன் அத்தாரிட்டி) என்பது ஒரு தளம் தேடலில் எவ்வளவு ஏறும் என்று மாஸ் என்ற நிறுவனம் போடும் மதிப்பெண், கூகுளின் கணக்கு இல்லை. காசு கொடுத்து வாங்கும் லிங்கின் கோடில், இதை ரேங்குக்குக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளுக்குச் சொல்லும் 'ஸ்பான்சர்ட்' அல்லது 'நோஃபாலோ' குறி இருக்க வேண்டும் என்பது விதி, குறி போட்டால் அவர்கள் சொல்கிற ரேங்க் பலன் போய்விடும். பெரிய ஆட்களும் தப்பவில்லை. அமெரிக்காவின் ஜே.சி. பென்னி கடைக்குச் சம்பந்தமில்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து லிங்க் வந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது, கூகுளும் அவர்களைக் கீழே இறக்கியது.

கேள்வி: எனக்கே இரண்டு தளம் இருக்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு?

தாராளமாக.

கேள்வி: அப்புறம் லிங்க் எப்படித்தான் கிடைக்கும்? எங்களுடையது சின்னக் கைத்தறிப் புடவைக் கடை.

அம்மா, உங்களுக்குத் தெரிந்ததும் வாங்குபவருக்குத் தெரியாததும் என்ன என்று யோசியுங்கள். கைத்தறிப் புடவையையும் விசைத்தறிப் புடவையையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது, நூலைக் கொளுத்தினால் அசல் பட்டு ஏன் முடி கருகும் வாசனை அடிக்கிறது, ஜரிகை கறுக்காமல் எப்படி மடித்து வைப்பது. உங்கள் கடையிலேயே எடுத்த படங்களோடு இதை ஒரு பக்கமாக எழுதுங்கள். கல்யாணப் புடவை பற்றி எழுதுகிறவர்களுக்குச் சுட்டிக்காட்ட ஒரு இடம் வேண்டும், அது உங்கள் பக்கமாக இருக்கட்டும். நூல் வாங்கும் இடம், நெசவாளர் சங்கம், நீங்கள் புடவை கொடுக்கும் கடைகள், இவர்கள் தளங்களில் உங்கள் பெயர் இருந்தால் லிங்க் போடச் சொல்லிக் கேளுங்கள், அது உண்மையான உறவு. மெதுவாகத்தான் வரும், ஆறு மாதம் கூட ஆகலாம்.

கேள்வி: பழைய பார்ட்னர் பக்கம் இன்னும் என் தளத்தில் கிடக்கிறது. என்ன செய்வது?

இன்று ராத்திரியே ஒவ்வொரு லிங்கையும் திறந்து பாருங்கள். பாதி செத்திருக்கும், சில டொமைன்களை வேறு யாரோ வாங்கிச் சூதாட்டத் தளம் ஆக்கியிருப்பார்கள். உங்கள் வாசகருக்கு இன்றும் உதவும் நாலைந்தை எடுத்துப் பொருத்தமான கட்டுரைகளுக்குள் வையுங்கள், பக்கத்தை நீக்கிவிடுங்கள். சில லிங்குகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளிடம் சொல்லும் டிஸ்அவவ் கருவியைத் தொட வேண்டாம், மேனுவல் ஆக்‌ஷன் வந்தால் மட்டும் அதைப் பற்றிப் பேசுவோம்.