மேயர்கள் கைகுலுக்கினால் ஆறு சுத்தமாகுமா?

கேள்வி: எல்லையின் இரு பக்கமும் உள்ள நகரங்கள் கைகோத்தால் நிர்வாகமும் சீர்படும், சுற்றுச்சூழலும் பிழைக்கும் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். சென்னையும் அமெரிக்காவின் டென்வரும் 1984-லிருந்து சகோதர நகரங்கள். அதனால் நமக்கு ஒரு சாக்கடையாவது சரியானதா? தண்ணீர், கழிவு எல்லாம் அரசாங்கங்கள் பேசித் தீர்க்க வேண்டியவை. மேயர்கள் வெளிநாடு போய் வருவதைத் தவிர இதில் நகராட்சிகளுக்கு என்ன வேலை?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: சகோதர நகரம் பற்றி நீங்கள் சொல்வதை நான் மறுக்கப் போவதில்லை. மாணவர்கள் போய் வரலாம், கலைக்குழுக்கள் வரலாம், அதற்கும் ஒரு மதிப்பு உண்டு. ஆனால் சென்னைக்கும் டென்வருக்கும் பொதுவாக ஒரு குழாய்கூடக் கிடையாது. நான் எழுதியது அந்த மாதிரி ஜோடிகளைப் பற்றி இல்லை. எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக ஒட்டிக்கொண்டு நிற்கிற, ஒரே ஆற்றில் குடித்து ஒரே ஆற்றில் கழுவுகிற ஊர்களைப் பற்றி. உங்கள் கேள்வியில் எனக்கு முரண்பாடு இருப்பது அந்த நடு வரியில்தான். "அரசாங்கங்கள் பேசித் தீர்க்க வேண்டியவை" என்று எவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்துவிட்டீர்கள்!

ஜெனீவாவை எடுத்துக்கொள்வோம். சுவிட்சர்லாந்து வரைபடத்தில் ஒரு மூலையில் பிரான்ஸுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஊர் அது. ஜெனீவா மாநிலத்தின் எல்லை ஏறத்தாழ முழுக்க பிரான்ஸோடுதான், சொந்த நாட்டோடு ஒட்டியிருப்பது வெறும் நாலரை கிலோமீட்டர். அதன் குடிநீரில் பெரும்பகுதி ஏரியிலிருந்து வருகிறது, மீதி நிலத்தடியிலிருந்து. அந்த நிலத்தடி நீர்ப்படுகை எல்லைக்கு இரு பக்கமும் பரவிக் கிடக்கிறது. அதற்கு நீர் ஊட்டுவது ஆர்வ் என்கிற ஆறு, அதுவும் பிரான்ஸிலிருந்துதான் இறங்கி வருகிறது. 1960-களிலும் 70-களிலும் போட்டி போட்டு உறிஞ்சியதில் இருபது வருடத்துக்குள் நீர்மட்டம் ஏழு மீட்டர் அளவுக்குக் கீழே போய்விட்டது. ஊறுவதைவிட எடுப்பது அதிகமானால் என்ன நடக்கும் என்பதை ஆழ்துளைக் கிணறு போட்டுப் பார்த்த தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் அவர்கள் செய்ததைக் கவனியுங்கள். ஆர்வ் ஆற்றுத் தண்ணீரை எடுத்துச் சுத்தம் செய்து, மண்ணுக்கு அடியில் இறக்கி, நீர்ப்படுகையைச் செயற்கையாக நிரப்ப முடிவு செய்தார்கள். வெஸ்ஸி என்ற இடத்தில் அதற்கான நிலையம் 1980-ல் ஓடத் தொடங்கியது. அதைக் கட்டியதும் நடத்துவதும் ஜெனீவா. ஆனால் நிரப்பிய தண்ணீர் எல்லைக் கோட்டைப் பார்த்து நிற்காதே, பிரான்ஸ் பக்கத்துக் கிணறுகளிலும்தானே அது வரும்? அதற்காகத்தான் 1978-ல் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். பிரான்ஸ் பக்கத்து ஊர்கள் வருடத்துக்கு 50 லட்சம் கன மீட்டர் வரை எடுத்துக்கொள்ளலாம். அதில் 20 லட்சம் இலவசம், ஏனென்றால் அந்தப் பக்கத்து மண்ணிலிருந்தும் இயற்கையாகவே நீர் ஊறி வந்து சேர்கிறது. அதற்கு மேல் எடுத்தால், நிரப்பும் செலவில் பங்கு கொடுக்க வேண்டும். எல்லாக் கிணற்றிலும் மீட்டர் கட்டாயம். ஆற்றில் ஏதாவது ரசாயனம் கலந்துவிட்டால் இரு பக்கமும் எச்சரிக்கை போக ஏற்பாடு. இதையெல்லாம் மேற்பார்க்க ஆறு பேர் கொண்ட ஓர் ஆணையம், பக்கத்துக்கு மூன்று பேர், அந்த மூவரில் இருவர் தண்ணீர்த் துறையின் தொழில்நுட்பம் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தக் கடைசி விதிதான். எத்தனை குழுக்களை நாம் பார்த்திருக்கிறோம், முழுக்க அதிகாரிகளும் பிரமுகர்களும் இருப்பார்கள், ஒரு பம்ப் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தவர் ஒருவர்கூட இருக்க மாட்டார்!

முப்பது வருடத்துக்கான ஒப்பந்தம் அது. 2007-ல் புதுப்பித்தபோது உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் ஒரு மாற்றம் நடந்தது. 1978-ல் பிரான்ஸ் சார்பில் கையெழுத்திட்டவர் மாவட்ட நிர்வாகத்தின் தலைவர், அதாவது பாரிஸ் அனுப்பி வைத்த அதிகாரி. 2007-ல் கையெழுத்திட்டவை எல்லையோர பிரெஞ்சு நகரமான அனமாஸ் வட்டார நகராட்சிகளின் கூட்டமைப்பு, ஜெனீவாவை ஒட்டிய பிரெஞ்சு ஊர்களின் கூட்டமைப்பு, விரி என்ற ஒரு சின்ன ஊராட்சி. ஆமாம், ஒரு ஊராட்சி இன்னொரு நாட்டின் மாநில அரசோடு நேருக்கு நேர் உட்கார்ந்து தண்ணீர் ஒப்பந்தம் போட்டது. இது சட்டத்தை மீறிச் செய்த காரியம் இல்லை. எல்லையோர உள்ளாட்சிகள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொள்ள வழிவிடும் உடன்படிக்கை ஒன்றை ஐரோப்பிய நாடுகள் 1980-லேயே மாட்ரிட்டில் போட்டுவிட்டன. நாடுகள் கதவைத் திறந்து வைத்தன, ஊர்கள் உள்ளே போய் வேலையைப் பார்த்தன.

பணத்திலும் அப்படித்தான். பிரான்ஸில் குடியிருந்துகொண்டு ஜெனீவாவுக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள் ஏராளம். வரி ஜெனீவாவுக்குப் போய்விடும், பள்ளிக்கூடமும் சாலையும் மட்டும் பிரான்ஸ் ஊர்கள் கொடுக்க வேண்டும் என்றால் நியாயமா? 1973-ல் போட்ட ஓர் உடன்பாட்டின்படி, அப்படி வருகிறவர்களின் மொத்தச் சம்பளத்தில் 3.5 சதவீதத்தை ஜெனீவா எல்லை தாண்டித் திருப்பிக் கொடுத்து வருகிறது. ஐம்பது வருடத்துக்கும் மேலாக.

எல்லாமே அங்கு ஒழுங்காக நடந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். தினமும் எல்லை தாண்டி வரும் கார்களால் ஜெனீவா திணறுகிறது. அந்தக் கார்களை பிரான்ஸ் பக்கமே நிறுத்திவிட்டு மக்கள் ரயிலிலும் பஸ்ஸிலும் வர வசதியாக, அங்கே வாகன நிறுத்தங்கள் கட்ட ஜெனீவா பணம் தரலாமா என்று 2014-ல் வாக்கெடுப்பு வைத்தார்கள். மக்கள் வேண்டாம் என்றார்கள். எங்கள் பணம் ஏன் அடுத்த நாட்டுக்குப் போக வேண்டும் என்ற கேள்விதான், அந்தப் பணத்தால் குறையப்போவது தங்கள் தெரு நெரிசல் என்றாலும்கூட. அனமாஸுக்கு ரயில் இணைப்பு தருவதாக 1912-ல் எழுதிக் கையெழுத்தான உடன்பாடு, ரயிலாக ஓடியது 2019 டிசம்பரில். இத்தனை பழக்கம் உள்ள ஊர்களுக்கே இந்தக் கதி என்றால் இது எவ்வளவு மெதுவான வேலை என்று புரிந்துகொள்ளுங்கள்.

சரி, எல்லாவற்றையும் தலைநகரங்களிடமே விட்டுவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவின் சான் டியேகோவுக்கும் மெக்சிகோவின் டிஹுவானாவுக்கும் நடுவில் போய்ப் பாருங்கள். டிஹுவானா ஆறு மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்குள் வந்து கடலில் கலக்கிறது, ஊரின் கழிவையும் சேர்த்துக்கொண்டு. டிஹுவானாவின் கழிவைச் சுத்திகரிப்பதற்காகவே அமெரிக்க மண்ணில் ஒரு நிலையம் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒன்பதரைக் கோடி லிட்டர் தாங்கும் என்று கட்டினார்கள். அதை நடத்துவது இரு நாடுகளின் மத்திய அரசுகள் அமைத்த எல்லை நீர் ஆணையத்தின் அமெரிக்கப் பிரிவு. ஊர் வளர்ந்தது, நிலையம் நெடுங்காலம் வளரவில்லை, பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காமல் இயந்திரங்களும் பழுதாகின. பணம் வாஷிங்டனிலிருந்தும் மெக்சிகோ சிட்டியிலிருந்தும் வர வேண்டும், நாற்றம் மட்டும் இம்பீரியல் பீச் என்ற சின்ன ஊருக்கு. அந்த ஊர்க் கடற்கரை ஆயிரம் நாட்களுக்கும் மேல் தொடர்ந்து மூடிக் கிடந்தது. பிள்ளைகளை வீட்டு ஜன்னலைக்கூடத் திறக்க விடாமல் வளர்க்கிற அந்தப் பெற்றோர்களுக்கும், ஆற்றோரம் குடிசை போட்டு அதே நாற்றத்தில் கிடக்கிற அந்தப் பக்கத்து ஏழைகளுக்கும் இந்த விஷயத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ள ஒரு உள்ளூர் ஆள் கிடையாது. இதே இரண்டு ஊர்களுக்கு நடுவில் 2015-ல் ஒரு பாலம் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சான் டியேகோவிலிருந்து டிஹுவானா விமான நிலையத்துக்கு நேராக நடந்து போகிற பாலம். கட்டியது தனியார், கடப்பதற்குக் கட்டணம் உண்டு. காசு கொடுக்க ஆள் இருந்த இடத்தில் எல்லை வழிவிட்டது, சாக்கடைக்கு அப்படி ஆள் இல்லை.

இதற்கு நேர்மாறான உதாரணம் கொன்ஸ்டன்ஸ். ஜெர்மனியின் இந்த ஊரும் சுவிட்சர்லாந்தின் க்ரோய்ட்ஸ்லிங்கனும் தெருவோடு தெரு ஒட்டிய ஊர்கள். 2020-ல் கொரோனா வந்ததும் இரு நாடுகளும் எல்லையை மூடின, நடுவில் வேலி போட்டார்கள், வேலிக்கு வேலி இடைவெளி விட்டு இரண்டு வேலி, காதலர்கள் கையைத் தொடக்கூட முடியவில்லை. ஆனால் க்ரோய்ட்ஸ்லிங்கனின் கழிவுநீர் போய்ச் சேருவது கொன்ஸ்டன்ஸ் சுத்திகரிப்பு நிலையத்துக்கு. அதை யாராலும் நிறுத்த முடியாது, நிறுத்தவும் இல்லை. ஸ்வீடனின் ஹபராண்டாவும் பின்லாந்தின் டோர்னியோவும்கூட ஒரே கழிவுநீர் நிலையத்தைத்தான் பல பத்தாண்டுகளாகப் பகிர்ந்துகொள்கின்றன. கடிகாரத்தில் ஒரு மணி நேரம் வித்தியாசம் உள்ள ஊர்கள்!

நீங்கள் ஓசூரிலிருந்து எழுதியிருப்பதால் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. தென்பெண்ணையில் பெங்களூரின் கழிவு கலந்து வந்து கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறக்கும்போதெல்லாம் மலைபோல நுரை பொங்குவதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். அந்தத் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சுகிறவர்களை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. இங்கே இருப்பது நாட்டு எல்லைகூட இல்லை, ஒரே நாட்டின் இரண்டு மாநிலங்கள். தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, அதனால் சென்னையும் பெங்களூரும் பேச வேண்டும், இல்லையென்றால் நீதிமன்றம் பேச வேண்டும் என்பதுதான் இன்றைய நிலைமை. ஓசூர் 2019-லேயே மாநகராட்சியாகிவிட்டது, ஆனால் தன் அணைக்கு வரும் தண்ணீரைப் பற்றி மேல்பக்கத்து நகரத்தோடு உட்கார்ந்து பேச அதற்கு ஒரு மேசை கிடையாது. அந்த மேசையைக் கேளுங்கள் என்கிறேன். எல்லையில் இரு பக்கமும் ஏற்றுக்கொள்கிற ஒரே அளவைக் கருவி, அதன் கணக்கைத் தினமும் இரு ஊர் மக்களும் பார்க்கிற வசதி, கழிவு அளவை மீறினால் கீழ்ப்பக்கத்து ஊருக்கு மேல்பக்கத்து நகரம் பணம் கட்டுகிற விதி. எடுக்கிற தண்ணீரின் அளவில் ஜெனீவாவின் மீட்டர் இதே மாதிரி வேலையைத்தான் செய்தது. மாநில அரசுகள் கையெழுத்துப் போடும் உரிமையை ஊர்களுக்குக் கொடுத்தால் போதும், தங்கள் அதிகாரத்தில் ஒரு துளியையும் அவை இழந்துவிடாது.

மேயர்கள் வெளிநாடு போகலாமா என்றால், தாராளமாகப் போகட்டும். ஆனால் மேயர் மட்டும் போவதால் பயனில்லை. குடிநீர்ப் பிரிவின் பொறியாளரும் கணக்கு அதிகாரியும் கூடப் போக வேண்டும், வெஸ்ஸியில் பம்ப் ஓடுவதையும் வருடக் கடைசியில் யார் யாருக்கு எவ்வளவு கட்டுகிறார்கள் என்ற கணக்கையும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். திரும்பி வந்ததும் அங்கே பார்த்த ஒப்பந்தத்தைத் தமிழில் மாமன்றத்தின் முன் வைக்க வேண்டும். வைக்கவில்லை என்றால் உங்கள் வார்டு கவுன்சிலரிடம் எழுத்தில் கேளுங்கள், பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். நகலை எங்களுக்கும் அனுப்புங்கள், அச்சிடுகிறோம்.