சைப்பிரஸ் ஆசியாவா, ஐரோப்பாவா? மகனின் அட்லஸும் தம்பியின் விசாவும்

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள பாண்டிருப்பிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய தம்பிக்கு சைப்பிரஸில் வேலை எடுத்துத் தருவதாக ஏஜென்ட் ஒருவர் சொல்லியிருக்கிறார். "அது ஐரோப்பாதான், ஒரு வருசம் அங்கே நின்றால் இத்தாலிக்கு மாறிவிடலாம்" என்பது அவருடைய பேச்சு. வீட்டில் தரம் 8 படிக்கும் மகனின் அட்லஸில் பார்த்தால், சைப்பிரஸ் ஆசியாப் படத்தில் துருக்கிக்குக் கீழே இருக்கிறது. "யார் சொல்வது சரி, சேர்? நகையை அடகு வைத்துத்தான் காசு கட்ட வேணும், அதுதான் கேட்கிறேன்" என்று முடித்திருக்கிறார்.

தங்கச்சி, அட்லஸ் சொல்வதுதான் சரி. புவியியல்படி சைப்பிரஸ் மேற்கு ஆசியாவில் இருக்கிறது. ஐரோப்பாவையும் ஆசியாவையும் பிரிக்கும் எல்லை யூரல் மலை, கஸ்பியன் கடல், காக்கேசிய மலை, கருங்கடல், பொஸ்பரஸ் நீரிணை வழியாக வந்து ஏஜியன் கடலில் இறங்குகிறது. சைப்பிரஸ் அந்தக் கோட்டுக்கு நன்றாகக் கிழக்கே கிடக்கிறது. அதன் தலைநகர் நிக்கோசியா எகிப்தின் கெய்ரோவை விடவும் கிழக்கில் இருக்கிறது. தீவிலிருந்து வடக்கே துருக்கிக் கரை சுமார் 70 கிலோமீற்றர், கிட்டத்தட்ட மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகிற தூரம். கிழக்கே சிரியா சுமார் 100 கிலோமீற்றர். கிரேக்கத்தின் பெருநிலமோ மேற்கே சுமார் 800 கிலோமீற்றர் தள்ளி நிற்கிறது. ஐக்கிய நாடுகள் புள்ளிவிபரங்களிலும் இந்த நாடு மேற்கு ஆசியாவுக்குள்தான் வருகிறது. மகன் பரீட்சையில் ஆசியா என்றே எழுதட்டும்.

சரி, அப்படியானால் ஏஜென்ட் சொன்னது முழுப் பொய்யா? அதுவும் இல்லை. 2004 மே 1 அன்று சைப்பிரஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. 2008 முதல் அங்கே யூரோ காசு புழங்குகிறது. உதைபந்தாட்டமும் ஐரோப்பியச் சங்கத்தின் கீழ்தான் ஆடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் அதை ஐரோப்பியப் பிராந்தியத்தில் வைத்திருக்கிறது. ஆனால் ஐ.நா. பொதுச்சபையின் பிராந்தியக் குழுக்களில் அது ஆசிய பசுபிக் குழுவில் இருக்கிறது. எந்த மேசை என்பதைப் பொறுத்து அந்த நாட்டின் கதிரையும் மாறுகிறது.

இது நம்ம ஊர்க்காரருக்குப் புரியாத விசயம் இல்லை. 1961க்கு முன் கல்முனையும் பாண்டிருப்பும் மட்டக்களப்பு மாவட்டம். அந்த வருடம் அம்பாறை மாவட்டம் பிரிந்ததும் அவை அதற்குள் போயின. நிலம் ஓர் அங்குலம்கூட நகரவில்லை, மாறியது கச்சேரி, அதாவது மாவட்ட நிர்வாக அலுவலகம். 2004இல் சைப்பிரஸுக்கு நடந்ததும் அதுதான்.

கண்டம் என்ற பெயரே மனிதர் வைத்ததுதானே. நம்ம மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை என்று முன்னோர் பிரித்த மாதிரி, பழங்காலக் கிரேக்கர் ஏஜியன் கடலின் மேற்குக் கரையை ஐரோப்பா என்றும் கிழக்குக் கரையை ஆசியா என்றும் சொன்னார்கள். அந்த இரண்டு பெயருமே சூரியன் விழும் திசை, எழும் திசை என்ற பழைய சொற்களிலிருந்து வந்திருக்கலாம் என்று சொல்லும் சொல்லாய்வாளர்களும் உண்டு. வாவியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

தீவுகளில்தான் இந்தப் பிரிப்பு சிக்கலாகிறது. இலங்கைக்குச் சிக்கலே இல்லை. இந்தியாவோடு சேர்ந்த அதே ஆழமற்ற கடலடி மேடையில் நாம் இருக்கிறோம், கடல் மட்டம் தாழ்ந்திருந்த பனியுகத்தில் இங்கிருந்து அங்கே நடந்தே போயிருக்கலாம். சைப்பிரஸ் அப்படியில்லை. அதற்கும் துருக்கிக்கும் நடுவில் ஆழக்கடல், பனியுகத்திலும் அது தனித் தீவாகத்தான் நின்றது. அதன் நடுவிலுள்ள துரூடோஸ் மலை ஒரு காலத்தில் கடலின் அடித்தளம். சுமார் 9 கோடி ஆண்டு பழைய அந்தப் பாறை, ஆப்பிரிக்கக் கண்டத்தைத் தாங்கும் நிலத்தட்டு வடக்கே நெருக்கியதில் மேலே எழுந்து மலையானது. செம்பு நிறைந்த மலை அது. செம்புக்கான இலத்தீன் சொல்லே இந்தத் தீவின் பெயரிலிருந்துதான் பிறந்தது. ஆகவே அதை ஆசியா என்பது பக்கத்துக் கரையைப் பார்த்துத்தான். கிரேக்கத்துக்குச் சொந்தமான கஸ்டலோரிசோ தீவு துருக்கிக் கரைக்கு வெறும் 2 கிலோமீற்றரில் இருந்தும் ஐரோப்பாவாகவே எண்ணப்படுகிறது. ஆட்சியை வைத்துக் கண்டம் சொல்லும் பழக்கமும் இருக்கிறது என்பதற்கு இது போதும்.

இனித் தம்பியின் விசயம். இதில் கண்டத்தின் பெயர் ஒரு சதத்துக்கும் உதவாது. விசாவில் எந்த நாட்டின் பெயர் இருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வது வேறு, எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் வலயத்தில் சேர்வது வேறு. 2004இல் சைப்பிரஸ் சேர்ந்தது முதலாவதில்தான். அப்புறம், ஷெங்கன் நாடாகவே இருந்தாலும் ஒரு நாடு தந்த வேலை அனுமதியை வைத்துக்கொண்டு இன்னொரு நாட்டில் போய் வேலை செய்ய முடியாது. இத்தாலியில் வேலை செய்ய இத்தாலி தரும் அனுமதி வேணும். "போய் மாறலாம்" என்ற வார்த்தையை நம்பி ஒரு மோதிரத்தைக்கூட அடகு வைக்க வேண்டாம்.

இன்னொன்றையும் கட்டாயம் கேளுங்கள்: தீவின் எந்தப் பக்கம்? 1974இல் துருக்கிப் படை இறங்கியதிலிருந்து சைப்பிரஸ் இரண்டாகக் கிடக்கிறது. வடபகுதி 1983இல் தன்னைத் தனி நாடாக அறிவித்தது, துருக்கியைத் தவிர வேறு எந்த நாடும் அதை ஏற்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் அங்கே நடைமுறையில் இல்லை, புழங்குவதும் துருக்கி லீரா. ஏஜென்ட் வெறுமனே "சைப்பிரஸ்" என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க டிக்கெட் போதும். லார்னகா அல்லது பாபோஸ் விமான நிலையம் என்றால் அது தெற்கே உள்ள, உலக நாடுகள் ஏற்ற சைப்பிரஸ் குடியரசு. துருக்கி வழியாக எர்ஜான் என்று இருந்தால் அது வடக்கு. அந்த வழியாக உள்ளே வருவதைக் குடியரசு சட்டவிரோதமாகவே பார்க்கிறது, பிறகு தெற்கே கடந்து வேலை தேட முடியாது. காசு கட்டுவதற்கு முன் ஏஜென்சியின் அனுமதி இலக்கத்தை வாங்கி, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அது செல்லுபடியாகிறதா என்று கேளுங்கள். வேலை ஒப்பந்தத்தில் முதலாளியின் முகவரி எந்த ஊர் என்று பார்த்து, அந்த ஊரை மகனின் அட்லஸில் தேடச் சொல்லுங்கள்.