உள்ளங்காலில் கைவைக்கும் முன்: வாசகர் கேள்வி-பதில்

சம்பா நடவு முடிகிற சமயத்தில் எனக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை காலைப் பற்றியவைதான். சேற்றில் நின்ற கால், பிரகாரத்தில் சுட்டுக்கொண்ட கால், சர்க்கரையில் மரத்துப்போன கால். நான் இயன்முறை மருத்துவர். ரிஃப்ளெக்சாலஜி எனப்படும் பாத அழுத்த சிகிச்சையும் கற்றவள். அதனால் இரண்டையும் சேர்த்தே கேட்கிறார்கள். இந்த முறை சில கேள்விகளுக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பல வருடமாக எனக்குச் சர்க்கரை இருக்கிறது. உள்ளங்காலில் கணையத்துக்கான புள்ளியை மரக்குச்சியால் தினமும் அழுத்தினால் மாத்திரையே வேண்டாம் என்று தெரிந்தவர் ஒருவர் படம் போட்ட அட்டை கொடுத்திருக்கிறார். ஆரம்பிக்கலாமா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவாரூர்*

மாத்திரையை நிறுத்தாதீர்கள் ஐயா. குச்சியும் வேண்டாம்.

அந்த அட்டையில் இருக்கும் படம் பலரும் நினைப்பதுபோல் ஆயிரம் வருடப் பழமை கொண்டதல்ல. அமெரிக்காவில் காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்த வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட் சுமார் நூறு வருடத்துக்கு முன்பு உடம்பைத் தலையிலிருந்து கால்வரை பத்து மண்டலங்களாகப் பிரித்தார். அதை வைத்து 1930களில் யூனிஸ் இங்ஹாம் என்ற பெண்மணி பாதத்தில் உறுப்புகளுக்கான இடங்களைக் குறித்தார். இன்று கடையில் இரண்டு அட்டைகளை வாங்கி அருகருகே வைத்துப் பாருங்கள், சில உறுப்புகள் வேறு வேறு இடத்தில் இருக்கும். உள்ளங்காலிலிருந்து கணையத்துக்கு நேராகப் போகும் நரம்பு எதுவும் இல்லை. பாதத்தை அழுத்தி நோயைக் கண்டுபிடிக்கலாம், குணப்படுத்தலாம் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரமும் கிடையாது.

அப்படியானால் நான் ஏன் இதைச் செய்கிறேன் என்று கேட்பீர்கள். பாதத்தை நிதானமாகப் பிடித்துவிட்டால் உடம்பு தளர்கிறது, பதற்றம் குறைகிறது, பலருக்கு அன்று ராத்திரி நல்ல தூக்கம் வருகிறது. இவ்வளவே பெரிய விஷயம் என்று நான் மனதார நம்புகிறேன். ஆனால் அது மாத்திரையின் இடத்தை எடுத்துக்கொள்ள முடியாது.

உங்கள் விஷயத்தில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. சர்க்கரை நீண்ட காலம் இருந்தால் பாதத்து நரம்புகள் உணர்ச்சியை இழந்திருக்கலாம். குச்சி அழுத்துவது உங்களுக்குத் தெரியாமல் போகலாம். தோலுக்கு அடியில் கன்றிப்போய், அது புண்ணாகி, ஆறாமல் விரலையே எடுக்கும் நிலைக்கு வருவது நடக்கக்கூடிய ஒன்று. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கால் உணர்ச்சிப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் மெல்லிய நைலான் இழை ஒன்றை உள்ளங்காலில் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். வலி இல்லாத, சில நிமிட வேலை.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அதில் பார்க்கலாம். விரலிடுக்கு ஒவ்வொன்றையும் விரித்துப் பார்க்க வேண்டும். புறங்கையை வைத்துத் தடவினால் ஏதாவது ஓரிடம் மட்டும் சூடாக இருந்தால் தெரியும். அங்கே புண் கிளம்பக்கூடும் என்று அர்த்தம். வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற ரப்பர் செருப்பு போடுங்கள். வெந்நீரில் கால் வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கால் ஆணியைப் பிளேடால் நீங்களே சீவாதீர்கள்.

தியாகராஜர் கோயிலுக்குக் காலையிலோ மாலையிலோ போங்கள். அவ்வளவு பெரிய பிரகாரத்தை உச்சி வெயிலில் வெறுங்காலோடு சுற்றிவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகுதான் கொப்புளத்தைப் பார்த்தேன் என்று வருபவர்கள் உண்டு. கனமான காலுறை போட்டுக்கொண்டு நடந்தால் தப்பில்லை.

வீட்டில் யாராவது உள்ளங்கையால் மெதுவாக எண்ணெய் தடவிவிட்டால் தாராளமாக விடுங்கள். விரலிடுக்கில் மட்டும் எண்ணெய் தங்கக் கூடாது. மாத்திரை வாங்க அலைச்சல் என்று எழுதியிருந்தீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

இரண்டாவது விரலில் மெட்டி போட்டால் கர்ப்பப்பை நரம்பு தூண்டப்படுமாமே?
*மயிலாடுதுறை வாசகி*

அதற்கு ஆதாரம் இல்லை. வழக்கம் என்று பிரியமாகப் போட்டுக்கொள்ளுங்கள், மருந்து என்று போட வேண்டாம். மாதவிடாய் தள்ளிப்போகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். மெட்டி இறுக ஆரம்பித்தால் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். குளித்ததும் அதன் அடியில் ஈரம் போகத் துடைக்க வேண்டும்.

நடவுக்குப் போய் வந்தால் விரலிடுக்கு வெளுத்து, வெடித்து, எரிகிறது. மஞ்சள் போட்டுப் பார்த்துவிட்டேன்.
*மன்னார்குடி பக்கத்துக் கிராமத்திலிருந்து*

சேற்றுப்புண். நாள் முழுக்க ஈரத்தில் ஊறிய தோல் இளகிவிடும், அதில் பூஞ்சை பிடித்துக்கொள்ளும். கரையேறியதும் சோப்பு போட்டுக் கழுவி, பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு இடுக்கையும் ஒற்றி எடுங்கள். பெரும்பாலோர் கழுவுகிறார்கள், துடைப்பதில்லை. முழுக்க உலர்ந்த பிறகு குளோட்ரிமசோல் களிம்பைக் காலையும் இரவும் தடவ வேண்டும். எரிச்சல் நின்றதும் விட்டுவிடாமல் மேலும் இரண்டு வாரம் தடவுங்கள். வேலைக்கு இறங்கும் முன் விரலிடுக்கில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ பூசினால் ஓரளவு தண்ணீர் புகாது.

இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன் அம்மா. வெடித்த தோல் வழியாக எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போகலாம். எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரிலிருந்து வருவது அது. நடவுக்குப் போய் வந்த நாட்களில் திடீர்க் காய்ச்சல், கெண்டைக்காலில் தொட முடியாத வலி, கண் சிவப்பு என்று வந்தால் உடம்பு வலி என்று படுத்துவிடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போய், “வயல்ல எறங்கி வேலை செய்யறேன்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சீக்கிரம் மருந்து கொடுத்தால் குணமாகிவிடும். விட்டுவிட்டால் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பாதிக்கும்.

நான் குழித்தறி நெய்கிறேன். பத்து நாளாக இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியாக இருக்கிறது. யாரிடம் நீவிவிட்டுக்கொள்ளலாம்?
*திருபுவனம் வாசகர்*

யாரிடமும் வேண்டாம். இதைப் படித்ததும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் உள்ளே இருக்கும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். நீவினால் அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போகக்கூடும். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள். ஸ்கேன் எடுத்து அது இல்லை என்று தெரிந்த பிறகு தறி, மிதி, உட்காரும் உயரம் பற்றியெல்லாம் எனக்கு எழுதுங்கள்.

அம்மாவுக்கு யானைக்கால். வீட்டுக்கு வந்து காலை அழுத்திப் பிடித்துவிட்டால் வீக்கம் வடியும் என்கிறார் ஒருவர். நம்பலாமா?
*கும்பகோணம் வாசகி*

கும்பகோணம் பக்கம் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு இந்தக் காலைப் பார்க்கலாம். சாக்கடையில் வளரும் கியூலெக்ஸ் கொசு பரப்பிய புழுக்கள் நிணநீர்க் குழாய்களைக் கெடுத்துவிடுகின்றன. வருடத்துக்கு ஒருமுறை வீடு வீடாக டி.இ.சி. மாத்திரை கொடுத்ததில் புதிதாக வருவது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஏற்கெனவே வீங்கிய கால் மட்டும் பராமரிப்பில்தான் இருக்க வேண்டும்.

பலமாக அழுத்திப் பிடிப்பது கூடாது. தோல் கீறி அதில் கிருமி புகுந்தால் குளிர்காய்ச்சல் வந்து, தொடையிடுக்கில் நெறி கட்டி, கால் சிவந்துவிடும். அப்படி வரும் ஒவ்வொரு முறையும் கால் இன்னும் கொஞ்சம் பெருக்கிறது. அதனால் காய்ச்சல் வராமல் காப்பதுதான் உண்மையான வைத்தியம்.

தினமும் ஒருமுறை, முடிந்தால் இரண்டு முறை, சாதாரண சோப்பாலும் தண்ணீராலும் கழுவுங்கள். முழங்காலில் ஆரம்பித்துக் கீழே வாருங்கள். தோல் மடிப்புகளில் நுரையை விட்டு மெதுவாகத் தேயுங்கள், பிரஷ் வேண்டாம். அலசிய தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசி, மெல்லிய துணியால் மடிப்பு மடிப்பாக ஒற்றுங்கள். புண், வெடிப்பு இருந்தால் களிம்பு போடுங்கள். உட்காரும்போது ஸ்டூலில் கால் நீட்டியிருக்கட்டும். படுக்கும்போது காலுக்கடியில் தலையணை. பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். காய்ச்சல் இருக்கும் நாளில் மட்டும் பயிற்சி வேண்டாம், மருத்துவரிடம் போக வேண்டும்.

வெளியாட்கள் பார்க்கக் கூசி அம்மா புடவையை இழுத்து இழுத்து மூடிக்கொள்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்கும்போது கஷ்டமாக இருந்தது. நீங்கள் முகம் சுளிக்காமல் அந்தக் காலைக் கையில் எடுத்துக் கழுவும்போது அந்தக் கூச்சமும் கொஞ்சம் கொஞ்சமாக விலகும்.

கஜா புயலில் தென்னந்தோப்பு முழுக்கப் போனது. மறுபடி வைத்த கன்றுகள் இப்போது பாளை விடுகின்றன. எனக்குத்தான் மனசு திரும்பவில்லை. “பாசிட்டிவா நினைங்கப்பா” என்கிறான் மகன். எப்படி நினைப்பது?
*பேராவூரணி விவசாயி*

உங்கள் மகன் பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் நினை என்றதும் நினைத்துவிட மனசு ஒத்துக்கொள்ளாது ஐயா. 2018 நவம்பரில் ஒரே ராத்திரியில் சாய்ந்தவை நீங்கள் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரங்கள். அந்தத் துக்கத்துக்குக் காலக்கெடு வைக்க யாருக்கும் உரிமை இல்லை. முதலில் அதைத் துக்கம் என்று ஒத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ளவர்களிடமும் சொல்லுங்கள்.

நல்ல எண்ணம் என்பதை நான் வேறு மாதிரிப் புரிந்துகொண்டிருக்கிறேன். எல்லாம் சரியாகிவிடும் என்று நூறு தடவை சொல்லிக்கொள்வது அல்ல அது. இன்றைக்கு என்னால் முடிந்த ஒன்றைச் செய்வது. மனசு உற்சாகமான பிறகு தோப்புக்குப் போகலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராமலே போகலாம். போய் நின்றால், சில நாளில் மனசு பின்னாலேயே வரும். மனநல மருத்துவர்களும் சோர்வுக்கு இந்த வழியைச் சொல்லித் தருகிறார்கள். காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்திருங்கள். தோப்புக்குப் போய் ஒரே ஒரு வேலை, ஒரு கன்றுக்குப் பாத்தி கட்டுவதாகக்கூட இருக்கட்டும், முடித்துவிட்டு வாருங்கள். அதே புயலில் இழந்த இன்னொருவரோடு டீக்கடையில் உட்கார்ந்து பேசுங்கள். அவரிடம் நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

படுக்கும் முன் கால் கழுவித் துடைத்து, இரண்டு சொட்டு நல்லெண்ணெயை உள்ளங்காலில் தேயுங்கள். தேய்க்கும்போது மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக வைத்துக்கொள்ளுங்கள். படபடப்பு அடங்கும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். தூக்கமும் பசியும் போய், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அது நோய். மருந்தும் பேச்சும் அதைக் குணப்படுத்தும். அரசு மாவட்ட மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் ஒரு நொடி வந்தாலும் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். காசில்லை, எந்த நேரமும் தமிழில் பேசுவார்கள். மகனுக்கும் அந்த எண்ணைக் கொடுத்து வையுங்கள்.

காலையில் படுக்கையிலிருந்து இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஊசி குத்துகிறது. கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடுகிறது.
*தஞ்சாவூர் வாசகி*

பாதத்தின் அடியில் குதிகாலிலிருந்து விரல்வரை ஓடும் கெட்டியான சவ்வு புண்பட்டிருக்கிறது. டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு மணிக்கணக்கில் சமையல் செய்பவர்களுக்கு நிறைய வருகிறது. சமையலறைக்கென்று மெத்தென்ற செருப்பு வாங்குங்கள். கட்டிலை விட்டு இறங்கும் முன் கால் விரல்களைக் கையால் பிடித்து முகத்தை நோக்கி இழுத்து, பத்து எண்ணி விடுங்கள். பத்து முறை. மாலையில் தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் உறைய வைத்து, உள்ளங்காலுக்கு அடியில் உருட்டுங்கள். குணமாகச் சில மாதம் ஆகும், பொறுமையாக இருங்கள்.

மாமியாருக்கு 74 வயது. சர்க்கரை இல்லை. ராத்திரி தூக்கம் வராமல் புரள்கிறார். நானே பாதம் பிடித்துவிட ஆசை. எப்படி?
*நாகப்பட்டினம் வாசகி*

புண், வீக்கம், காய்ச்சல் இல்லையென்று பார்த்துக்கொள்ளுங்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு, கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். அத்தையைச் சாய்ந்து உட்கார வைத்து, முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை கொடுங்கள். அவர் பாதம் உங்கள் மடியில்.

முதலில் எதையும் அழுத்தாமல் இரண்டு கையாலும் பாதத்தைப் பொத்திப் பிடித்துக்கொண்டு சும்மா இருங்கள். பிறகு கரண்டையைத் தாங்கிப் பிடித்து பாதத்தை மெதுவாகச் சுற்றுங்கள். இரண்டு பெருவிரலையும் குதிகாலில் வைத்து, கம்பளிப்பூச்சி ஊர்வதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே விரல்கள்வரை நகர்த்துங்கள். குழிந்த நடுப்பகுதியில் அழுத்தம் குறையட்டும். ஒவ்வொரு விரலையும் அடியில் பிடித்து நுனிவரை உருவி விடுங்கள். சொடக்கு எடுக்க வேண்டாம். காலுக்குப் பத்து நிமிடம் போதும். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். புருவம் சுருங்கினால் அழுத்தம் அதிகம். முடிந்ததும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். அந்தக் காலோடு எழுந்து நடந்தால் வழுக்கும்.

பூங்காவில் கூழாங்கல் பதித்த எட்டு வடிவப் பாதையில் நடக்கலாமா?
*திருவையாறு வாசகர், வயது 66*

நடக்கலாம். 2005இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 60 வயது கடந்தவர்களைக் கூழாங்கல் போன்ற மேடுபள்ளமான விரிப்பில் 16 வாரம் நடக்கவைத்துப் பார்த்தார்கள். சமதளத்தில் நடந்தவர்களைவிட அவர்களுக்கு உடல் சமநிலை மேம்பட்டிருந்தது, ரத்த அழுத்தமும் குறைந்திருந்தது. புள்ளிகள் தூண்டப்பட்டதால் என்று நான் சொல்ல மாட்டேன். சமமில்லாத தரை பாதத்தின் சின்னச் சின்னத் தசைகளுக்கு வேலை கொடுக்கிறது. சர்க்கரையால் உணர்ச்சி குறைந்த கால் என்றால் வேண்டாம். உங்களுக்கு அது இல்லையென்றால் முதல் வாரம் ஐந்து நிமிடம், பக்கத்தில் கைப்பிடியோ துணைக்கு ஆளோ இருக்கட்டும். மழை பெய்து பாசி படர்ந்திருக்கும் நாட்களில் பக்கத்துச் சாதாரண நடைபாதையிலேயே நடந்துவிட்டு வாருங்கள்.