ராத்திரி முழுக்க வைத்தும் தெளியாத குடம்

கேள்வி: மழைக்கு அப்புறம் குழாயில் பழுப்பாகத் தண்ணீர் வந்தது. ராத்திரி முழுக்கக் குடத்தை அசைக்காமல் வைத்தும் தெளியவில்லை. மாமியார் படிகாரக் கட்டியை விட்டு நாலு சுற்று சுற்றினார், கொஞ்ச நேரத்தில் குடத்தின் அடி தெரிந்தது. படிகாரம் அழுக்கைத் தின்று விடுகிறதா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: தின்னவெல்லாம் இல்லை. அழுக்கு குடத்துக்குள்ளேதான் இருக்கிறது. மேல் தண்ணீரை மெதுவாக வடித்துவிட்டுப் பாருங்கள், அடியில் கொழகொழவென்று உட்கார்ந்திருக்கும்.

காசிமேடு மணலை ஒரு கைப்பிடி குடத்தில் போட்டால் நீங்கள் குனிந்து பார்ப்பதற்குள் அடிக்குப் போய்விடும். களிமண்ணின் அடர்த்தியும் கிட்டத்தட்ட அதே அளவுதான், ஆனால் துகள் ரொம்பப் பொடி. 1851-ல் ஸ்டோக்ஸ் என்ற விஞ்ஞானி போட்ட கணக்குப்படி, துகளின் விட்டம் பத்தில் ஒன்றானால் அது இறங்கும் வேகம் நூறில் ஒன்றாகிவிடும். 30 செ.மீ. ஆழத் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள்: 0.1 மி.மீ. மணல் அரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட எடுக்கும், 0.01 மி.மீ. வண்டல் ஏறக்குறைய ஒரு மணி நேரம், 0.001 மி.மீ. களிமண் துகளுக்குக் கிட்டத்தட்ட நாலு நாள்! அதுவும் தண்ணீர் துளிகூட அசையாமல் இருந்தால். விடியற்காலையில் குடத்தின் பக்கங்கள் குளிர்ந்தாலே போதும், உள்ளே லேசாக ஒரு சுழற்சி கிளம்பி, இறங்கினதை மறுபடி மேலே தூக்கிவிடும்.

சரி, பொடியெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகலாமே என்றால் அதுவும் நடக்காது. களிமண் துகள்களின் மேல் எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டம் இருக்கிறது, எல்லாம் ஒரே ஜாதி மின்னூட்டம் என்பதால் கிட்டே வந்தாலே விலகிப் போகும். படிகாரத்திலிருக்கும் அலுமினியம் அந்த விலக்கத்தை அடக்குகிறது, கூடவே பஞ்சு மாதிரி ஒரு பொருளாகத் திரண்டு, பொடியை எல்லாம் வாரிக் கட்டிக்கொண்டு இறங்குகிறது. புழல் சுத்திகரிப்பு நிலையம் மாதிரி பெரிய இடங்களிலும் அடிப்படை இதேதான். பழைய ஆட்கள் பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரசி வைத்ததும் இந்த வேலைக்குத்தான்.

உங்கள் மாமியாரின் கைப்பக்குவத்தைக் கவனித்தீர்களா? முதலில் வேகமாகச் சுற்ற வேண்டும், அப்புறம் மெல்ல, அப்புறம் கையே வைக்கக் கூடாது. திரி திரியாகத் திரண்ட பிறகு கலக்கினால் எல்லாம் உடைந்து பழையபடி ஆகிவிடும்.

ஒன்று மட்டும்: தெளிந்த தண்ணீரில் கிருமி இருக்காது என்று நினைக்காதீர்கள். கொதிக்க வைத்தே குடியுங்கள். சாக்கடை நாற்றம் அடித்தால் படிகாரம், கொதிக்க வைப்பது எதையும் நம்பாமல் புகார் கொடுத்துவிட்டு லாரித் தண்ணீரைப் பிடியுங்கள்.

கேள்வி: ஆற்றில் மேலே எல்லாம் சுமாரான மண்தான். எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் வந்தால் மட்டும் கால் புதைகிற சேறு. ஏன்?
- வாசகர், எண்ணூர்

பதில்: அங்கே படிகாரத்தின் வேலையைக் கடல் உப்பு செய்கிறது. லிட்டருக்கு 35 கிராம் வரை உப்பு இருக்கிற தண்ணீரில் களிமண்ணின் விலக்கம் அடங்கி, துகள்கள் ஒட்டிக் கனத்து இறங்குகின்றன. தண்ணீரின் ஓட்டமும் அங்கே தளர்ந்துவிடுவது இன்னும் வசதி. வீட்டிலேயே பார்க்கலாம்: இரண்டு கண்ணாடி டம்ளரில் களிமண் கரைத்த தண்ணீர், ஒன்றில் மட்டும் ஒரு ஸ்பூன் கல்லுப்பு. எது முதலில் தெளிகிறது என்று எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த தண்ணீரில் கொஞ்சம் சாம்பல் மட்டும் ஆடை மாதிரி மிதக்கிறதே, அது ஏன் இறங்குவதில்லை?
- அதே வாசகர்

பதில்: நல்ல கண் உங்களுக்கு! உலைச் சூட்டில் நிலக்கரியிலுள்ள தாது உருகித் துளியாகும்போது சில துளிகளுக்குள் வாயு மாட்டிக்கொண்டு ஊதி, உள்ளே வெற்றான கண்ணாடி உருண்டையாக இறுகிவிடும். தண்ணீரைவிட லேசு, ஆகவே ஸ்டோக்ஸின் அதே கணக்குப்படி இவை கீழே போகாமல் மேலே ஏறுகின்றன. மற்ற சாம்பல் எல்லாம் அடியில்தான் படிந்து கிடக்கிறது, நீங்கள் பார்ப்பது ரொம்பச் சின்னப் பங்கு.