பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குக் காலையில் சூடாக, புரதம் நிறைய இருக்கிற மாதிரி என்ன செய்து கொடுக்கலாம்?

கேட்டவர் கூடவே இரண்டு நிபந்தனையும் போட்டிருக்கிறார்: பிள்ளைகளுக்கு முட்டை அலுத்துவிட்டது, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் அடுப்படியில் நிற்க முடியாது. நான் மியான்மரில், யாங்கோனில் இருக்கிறேன். எட்டாவதும் பத்தாவதும் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர். கரண்ட் முறை வைத்து வருகிற ஊரில் மிக்ஸியை நம்பிக் காலைச் சமையலைத் திட்டமிட முடியாது. அதனால் எங்கள் வீட்டில் பாதி நாள் கடலைமாவுதான்.

முதலில் எவ்வளவு வேண்டும் என்று பார்த்துவிடுவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2020இல் சொன்ன கணக்குப்படி 13 முதல் 15 வயது வரை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 45 கிராம் புரதம். 16 முதல் 18 வயதில் பையன்களுக்கு 55, பெண்பிள்ளைகளுக்கு 46. மூன்று வேளைக்குப் பிரித்தால் காலையில் 15இலிருந்து 18 கிராம் போதும். இரண்டு இட்லியில் நாலு கிராம் வந்தால் பெரிது. இட்லியைக் குறை சொல்லவில்லை, அதில் அரிசிதானே முக்கால்வாசி!

இங்கே ஷான் மக்கள் செய்கிற 'தோஹு நுவே' என்று ஒன்று உண்டு. பெயரில் தோஃபு (சோயா பன்னீர்) இருந்தாலும் இதில் சோயா கிடையாது. கடலைமாவைக் கூழாகக் காய்ச்சிச் சுடச்சுட ஊற்றுவது. ஒரு கப் கடலைமாவுக்கு நாலு கப் தண்ணீர். முதலில் ஒரு கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். முந்தின இரவே கரைத்தால் இன்னும் நல்லது. மீதித் தண்ணீரில் உப்பும் அரைத் தேக்கரண்டி மஞ்சளும் போட்டுக் கொதிக்கவிட்டு, கரைத்த மாவை ஊற்றிக் கை எடுக்காமல் கிண்ட வேண்டும். இரண்டே நிமிடத்தில் கெட்டியாகிவிடும், உடனே இறக்கிவிடத் தோன்றும். இறக்காதீர்கள். தீயைக் குறைத்து இன்னும் பத்து நிமிடமாவது கிண்டினால்தான் பச்சை வாசனை போகும். மேலே ஒரு பளபளப்பு வரும், குமிழி 'பொளக் பொளக்' என்று மெதுவாக உடையும். அதுதான் பதம். அரைவேக்காட்டுக் கடலைமாவு வயிற்றைப் படுத்தும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு அது வேண்டாம்.

கிண்ணத்தில் கொஞ்சம் வெந்த அரிசி நூடுல்ஸ், மேலே இந்தக் கூழ், அதற்கும் மேலே பூண்டு வறுத்த எண்ணெய், ஒன்றிரண்டாக இடித்த வேர்க்கடலை, கொத்தமல்லி, இரண்டு சொட்டு சோயா சாஸ். என் மாமியார் இதிலேயே இஞ்சியும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டிவிடுவார். ஷான்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள், பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. ஒரு கப், அதாவது 100 கிராம் மாவில் 20 முதல் 22 கிராம் புரதம். இரண்டு பேருக்குப் பிரித்தால் ஆளுக்குப் பத்து. ஒரு கை நிறைய வேர்க்கடலையில் ஏழு. கணக்கு முடிந்தது, முட்டையே தேவைப்படவில்லை.

இன்னொரு வசதி, இது ஆறினால் தானே உறைந்துவிடும். சோயா தோஃபு மாதிரி திரிய வைக்க எதுவும் சேர்க்க வேண்டாம். இரவே மூன்று கப் தண்ணீரில் கொஞ்சம் கெட்டியாகக் காய்ச்சி, எண்ணெய் தடவின தட்டில் ஊற்றி வைத்தால் காலையில் துண்டு போட்டுத் தோசைக்கல்லில் புரட்டி எடுக்கலாம். வெளியே மொறுமொறு, உள்ளே வெண்ணெய். புளித்தண்ணீரில் பச்சைமிளகாய், பூண்டு நசுக்கிப் போட்டுத் தொட்டுக்கொள்ளக் கொடுத்தால் என் பையன் தட்டைக் கழுவவே வேண்டாம் என்கிற அளவுக்குத் தின்பான்.

கடலைமாவைப் பாக்கெட்டில் வாங்குவதைவிட, காளியம்மன் கோயில் பக்கத்துத் தெய்ன்ஜி சந்தையில் மொத்தமாக வாங்குவது எனக்குப் பிடிக்கும். இங்கே எடை இன்னும் வீசைக் கணக்குதான், ஒரு வீசை 1.6 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவேன்.

அடுப்படியில் நிற்க நேரமே இல்லாத நாளைக்குப் பே பியோ இருக்கிறது. விடிந்ததும் தெருவில் தலைச்சுமையாகக் கூவிக்கொண்டு போவார்களே, அதே முளைகட்டி வேகவைத்த பட்டாணி. வெங்காயம், மஞ்சள் போட்டு ஒரு பிரட்டு பிரட்டி, டீக்கடையில் தந்தூரி அடுப்பிலிருந்து எடுத்த நான்பியா ரொட்டியோடு கொடுத்தால் பத்து நிமிட வேலை. ஒரு கப் நிறையப் பட்டாணியில் 12, 13 கிராம் வரும். பழைய சோறு மிச்சமிருந்தால் அதிலேயே போட்டு வறுத்துவிடுங்கள். தெருவில் வாங்கினதில் பெரும்பாலும் உப்பு முன்னாலேயே இருக்கும், பார்த்துப் போடுங்கள். நன்றாகச் சூடாக்காமல் கொடுக்காதீர்கள்.

அடையும் உண்டு. உளுந்தும் துவரையும் பச்சைப்பயறும் இந்த மண்ணிலேயே விளைந்து இந்தியாவுக்குக் கப்பலேறுகிறது, நமக்கு என்ன பஞ்சம்? அரிசிக்குச் சமமாகப் பருப்பு போட்டு, கரண்ட் இருக்கும்போது மாலையிலேயே அரைத்துவிடுவேன். இரவில் கொஞ்சம் புளித்தாலும் அடைக்குக் கெடுதல் இல்லை.

மொஹிங்கா, அதாவது மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ், சத்தானதுதானே என்று கேட்பீர்கள். வீட்டில் கெளுத்தி மீனைத் தாராளமாக உதிர்த்துப் போட்டால் சத்துதான். கடை மொஹிங்காவில் பல நேரம் மீன் வாசனை இருக்கும், மீனைத் தேட வேண்டும். வாங்கினால் அவித்த வாத்து முட்டை ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கோழி முட்டையில் ஆறு கிராம் என்றால் இதில் ஒன்பது. முட்டை அலுத்த பிள்ளைகள்கூடக் குழம்பில் நறுக்கிப் போட்டால் முணுமுணுக்காமல் சாப்பிடும்.

டப்பாவில் விற்கிற புரதப் பவுடர் நன்றாக இருக்கிற பிள்ளைக்குத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். சிறுநீரகக் கோளாறு மாதிரி ஏதாவது இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் விட்டுவிட்டு டாக்டரைக் கேளுங்கள்.

கடைசியாக டீ. இங்கே பிள்ளைகள்கூடக் காலையில் கெட்டி டீ கேட்கும். டீயில் இருக்கிற துவர்ப்பு, பருப்பில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். மாதவிடாய் தொடங்கின பெண்பிள்ளைகளுக்கு அந்த இரும்பு ரொம்ப முக்கியம். அதனால் எங்கள் வீட்டில் பருப்புப் பலகாரத்தோடு அரை மூடி எலுமிச்சை பிழிவோம், அது இரும்பு சேர உதவும். டீ பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகுதான்.